றங்குப் பெட்டியும் ஒரு ரபியின் முன்வாசலும்

போன மாசம் ஒரு பிழை விட்டேன். அம்மப்பாவின் றங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த 41 கொப்பிகளையும் வெளியே எடுத்து, கந்தபுராணம், பெரியபுராணம், கோணமாமலைப் பதிகம், மற்றவை என்று நாலு கும்பியாகப் பிரித்து அடுக்கிவிட்டேன். அந்தத் திருப்தியில் ஒரு பிளேன்ரீயும் குடித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ள கறையானைத் தவிர என்ன கிடக்கு, எரிச்சுப் போடு தம்பி" என்றா. எரிக்கவில்லைதான், ஆனால் பிரித்து அடுக்கியதில் எவ்வளவு போய்விட்டது என்று பிறகுதான் விளங்கியது.

அம்மப்பா தமிழ் வாத்தியார். பின்னேரங்களில் திருகோணமலைக் கோயில்களில் பிரசங்கம் செய்வார். (எங்கள் ஊரில் பிரசங்கம் என்ற சொல் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பொது.) பேசப்போவதை முதல்நாள் இரவே கொப்பியில் எழுதிவிடுவார், ஆனால் திகதி போடமாட்டார். பின்மட்டையில் அரிசி விலை இருக்கும், பஸ் நேரம் இருக்கும், ஒன்றில் "கெதியாய் முடிக்கவும்" என்று கோயில்காரர் யாரோ அனுப்பிய துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் எப்படிப் பாதுகாப்பது என்று தேடப்போய்த்தான் அமெரிக்க யூதர் ஆவணக் காப்பகத்தில் போய் மாட்டினேன். சின்சினாட்டியில் ஜேக்கப் ரேடர் மார்கஸ் என்ற வரலாற்றாசிரியர் 1947இல் தொடங்கியது. ஐரோப்பாவில் யூதர்கள் ஊர் ஊராக அழிக்கப்பட்டு இரண்டு வருசம்தான் ஆகியிருந்தது. ரபி என்றால் யூத மதகுரு. எனக்கு அது நற்செய்தியில் சீடர்கள் இயேசுவைக் கூப்பிடும் சொல், அவ்வளவுதான். இங்கே பார்த்தால் ஏதோ ஒரு சின்ன நகரத்தில், கடை வைத்திருந்த சில குடும்பங்களுக்குப் பிரசங்கம் செய்த ரபியின் கடதாசிகள்கூடப் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. யூதர்களின் வேதமான தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக வாசிப்பார்கள், வருசம் சுற்றி அதே பகுதி திரும்பி வரும், ரபியும் அதற்குத் திரும்பப் பேசவேண்டும். சூரன்போருக்கு வருசா வருசம் அதே கதையைச் சொல்ல வேண்டியிருந்த அம்மப்பாவின் பாடும் அதேதான்.

நான் அதிகம் வாசித்தது இரண்டு பேரைப் பற்றி. ஒருவர் பெரி நஸ்பாம், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் நகரத்து ரபி. 1961இல் பஸ்ஸில் நிறவெறிச் சட்டத்தை மீறி வந்த இளைஞர்களை அங்கே பிடித்து பார்ச்மன் சிறைக்கு அனுப்பியபோது, 200 கிலோமீற்றருக்கு மேல் கார் ஓடிப்போய் அவர்களைப் பார்த்தவர். பார்த்துவிட்டு வந்து தாய்தகப்பனுக்குக் கடிதம் எழுதுவார், உங்கள் பிள்ளை சுகமாக இருக்கிறான் என்று. அப்படி ஒரு கடிதம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று திருகோணமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1967 செப்டெம்பரில் அவருடைய தொழுகைக்கூடத்துக்குக் குண்டு வைத்தார்கள், நவம்பரில் வீட்டுக்கு.

மற்றவர் சார்ல்ஸ் மான்டின்பாண்ட். அதே மிசிசிப்பியில் ஹட்டிஸ்பேர்க் என்ற சின்ன நகரம், 1963 வரை அங்கே இருந்தார். கறுப்பினத்தவர் வெள்ளையர் வீட்டுக்குப் பின்வாசலால் வரவேண்டும் என்ற ஊரில் தன் கறுப்பின நண்பர்களை முன்வாசலால் வரவேற்றவர். அவருடைய சபையாருக்கே பயம், ரபி வாயைத் திறந்தால் தங்கள் கடைக்கு ஆள் வராது என்று. யார் முன்வாசல், யார் கோடிப்பக்கம் என்று எங்கள் வீடுகளிலும் ஒரு கணக்கு இருந்ததுதானே.

சரி, என் பிழைக்கு வருகிறேன். ஆவணக்காரர் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: சொந்தக்காரர் வைத்த ஒழுங்கைக் குலைக்காதே. ஒரு பிரசங்கத்தை அது கிடந்த இடத்திலிருந்து உருவினால், முன்னுக்கு எது, பின்னுக்கு எது என்பது போய்விடும். இதை வாசித்த இரவு என்னுடைய பெரியபுராணக் கும்பியைப் பார்த்தேன். அதில் திருநாளைப்போவார் என்ற நந்தனார் பற்றி இரண்டு கொப்பி. ஒன்றில், நந்தனாரை வாசலில் மறித்தது யார், நாங்கள் இன்றைக்கு யாரை மறிக்கிறோம் என்று ஒரு பந்தி. அதைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே வெட்டி, ஓரத்தில் "இந்தக் கோயிலில் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். மற்றக் கொப்பியில் அதே பந்தி, சொல் மாறாமல், வெட்டாமல். எது முந்தியது? முதலில் துணிந்து சொல்லிவிட்டுப் பிறகு பயந்தாரா, பயந்துவிட்டுப் பிறகு சொன்னாரா? பெட்டிக்குள் கிடந்த வரிசை தெரிந்தால் ஏதாவது சொல்லலாம். அந்த வரிசையைக் குலைத்தவன் நான்.

ஒரு வழி மிஞ்சியிருந்தது. 2004 சுனாமியில் பெட்டிக்குள் கடல்தண்ணி ஏறியது. அடியில் கிடந்தவை முழுக்க ஊறி, மேலே போகப்போகக் குறைந்து, கொப்பிகளின் விளிம்பில் ஒரு மண்ணிறக் கோடு. மூன்று இரவு தரையில் குந்தியிருந்து அந்தக் கோட்டைக் கோட்டோடு பொருத்தினேன். 40 கொப்பியும் ஓரளவு தங்கள் இடத்துக்குப் போய்விட்டன. வெட்டிய பந்தி உள்ளது நடுவில் வந்தது.

வெட்டாத பந்தி உள்ளதில் கறையே இல்லை. ஆக மேலே கிடந்திருக்கும், கடைசிக்காலத்தில் எழுதியது என்று முடிவுகட்டி, பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இது பெட்டிக்குள்ள கிடக்கேல்லையே. சுவாமியறையில, ஐயாவின்ர தேவாரப் புத்தகத்துக்குக் கீழ கிடந்தது. சுனாமிக்குப் பிறகு நான்தான் எடுத்து உள்ள போட்டனான்."