மாதாமாதம் ஒரு குப்பி ரத்தம்

2019இல் பாரிஸில் மகளைச் சுமந்தபோது மாதாமாதம் ரத்தம் கொடுத்தேன். பூனை மலம், சரியாக வேகாத கறி, கழுவாத கீரை வழியாகப் பரவும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி எனக்கு அதுவரை தொற்றியதில்லை. அப்படிப்பட்ட கர்ப்பிணிகளுக்கு 1992 முதல் பிரான்ஸில் மாதந்தோறும் பரிசோதனை உண்டு.

"இன்னும் வரவில்லையா?" என்று மேல்வீட்டுப் பிரெஞ்சுப் பாட்டி வியந்தார். வியப்பு நியாயம்தான். 1960களில் இங்கே கர்ப்பிணிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே தொற்று வந்தவர்கள். அரைவேக்காட்டு மாட்டிறைச்சி தின்னும் ஊர் அல்லவா! அது 2016இல் 31 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அரைவேக்காட்டு மாட்டிறைச்சி தின்னும் ஊர் அல்லவா! உலக அளவில் மூன்றில் ஒரு கர்ப்பிணிக்கு இது எப்போதோ வந்திருக்கிறது, தென் அமெரிக்காவில் பாதிப் பேருக்கு.

பழைய தொற்று பொதுவாகக் குழந்தையைத் தொடாது. கர்ப்பத்தில் முதன்முறை வந்தால்தான் பயம். தொடக்க மாதங்களில் குழந்தைக்குப் பரவுவது அரிது, ஆனால் பரவினால் கண்ணையும் மூளையையும் கடுமையாகத் தாக்கலாம்.

சரி, நான் என்ன செய்தேன்? கீரையை மூன்று தண்ணீரில் அலசினேன், கறியை நன்றாக வேகவைத்தேன். பூனையின் மலத்தட்டைக் கணவர் தினமும் சுத்தம் செய்தார். அப்புறம், முடிவு வரும் ஒவ்வொரு மாலையும் கை நடுங்கியது. பூனையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.