சார்லஸ் மன்னரின் குதிரைக்கு வில்லங்கம் பார்த்தேன்

வான் டைக் வரைந்த இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரை ஓவியம், லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பது, யார் யார் கை மாறி வந்தது என்ற வரைபடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஓவியத்தின் உயரம் பன்னிரண்டு அடி. என் வீட்டுக் கூரையே பத்தடிதான்!

முதலில் படுத்தியது அதே ஓவியர் அதே மன்னரை 1633-இல் வரைந்த இன்னொரு குதிரை ஓவியம். வெள்ளைக் குதிரை, வளைவு, பக்கத்தில் தலைக்கவசம் ஏந்திய குதிரைப் பயிற்சியாளர் என்று வந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். அது 1660-க்குப் பின் அரண்மனைக்கே திரும்பிவிட்டது. நம்முடையது பழுப்புக் குதிரை. மரத்தில் மன்னர் பெயர் எழுதிய பலகை தொங்கும்.

மன்னரின் தலை போன மறு ஆண்டு, 1650-இல், இதை 200 பவுண்டுக்கு வாங்கியவர் கெர்பியர். அந்த மன்னரிடமே ஊழியம் பார்த்தவர்! 1698-இல் ஆன்ட்வெர்ப் வணிகர் வான் கூலனிடமிருந்து பவேரியாவின் ஆட்சியாளர் மாக்ஸ் இமானுவேலுக்குப் போனது. இதுவரை எல்லாம் கிரயம், நீல மை.

சிக்கல் அடுத்த கோட்டில். 1704-இல் பிளென்ஹைம் போரில் பவேரியா தோற்றது. ஆஸ்திரியர்கள் பவேரியத் தலைநகர் மியூனிக்கைப் பிடித்தார்கள். 1706-இல் அவர்களுடைய பேரரசர் முதலாம் ஜோசப் ஓவியத்தை எடுத்து, போரில் வென்ற ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ பிரபுவுக்குக் கொடுத்தார். தானம்தானே, பச்சை மை போடு என்கிறார் நண்பர். கொடுத்தவர் கைக்கு அது எப்படி வந்ததாம்? மியூனிக்கிலிருந்து பேரரசர் வரை பறித்தது, அதனால் சிவப்பு; அங்கிருந்து பிரபு வரை பச்சை என்று இரண்டாக உடைத்துவிட்டேன். இதில் பேரமே கிடையாது.

சாதா சார்ட் தாளில் சிவப்பு மை பரவி, அம்புக்குறி கம்பளிப்பூச்சியாகிவிடும். சென்னை ஆண்டர்சன் தெருவில் தடித்த ஐவரி அட்டை கேளுங்கள். தடவிப் பார்த்து, வழவழப்பான பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தில் எழுதுங்கள்.

மீதி அட்டையை மதராஸ் கவர்னராக இருந்த மன்றோவின் சிலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். அண்ணா சாலைப் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாமல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். சிற்பி சான்ட்ரி. சிலைக்குக் கை மாறிய கதை அதிகம் இருக்காது என்பதால், லண்டனிலிருந்து இங்கு வந்த வழியை வரையப்போகிறேன்.

அதற்குமுன் 1885 பாக்கி இருக்கிறது. மார்ல்பரோ வாரிசிடமிருந்து நேஷனல் கேலரி 17,500 பவுண்டுக்கு வாங்கியது. கூடவே வந்த, ரஃபேல் வரைந்த மாதா ஓவியத்துக்கு 70,000! குதிரைக்கு அதில் கால் பங்குதான் மதிப்பா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கோட்டுக்கு நீல மை தீர்ந்துபோயிருக்கிறது.