அந்தக் கடையோட சீலிங்

மத்தியானம் வெயில் தாங்காம டவுன்டவுன்ல ஒரு பழைய கட்டடத்துக்குள்ள ஒதுங்கினேன். ஒரு காலத்துல அது சாமான்லாம் 5 சென்ட், 10 சென்ட் காசுக்கு வித்த அமெரிக்கச் சில்லறைக் கடையாம்.

நிமிர்ந்து பாத்தா, கீழ இறக்கி அடிச்ச சீலிங்ல ஒரு அட்டை விழுந்து ஓட்டை, அது வழியா மேல பழைய தகர சீலிங் தெரியுது, பூவும் கொடியுமா அச்சு வச்சது, ஒரு மூலையில மட்டும் துரு.

அப்படியே நின்னுட்டேன்.

அவ்ளோ உயரமா கட்டினது அழகுக்கு மட்டும் இல்லங்க. சூடு மேல போகணும், ஃபேன் சுத்தணும், கதவுக்கு மேல இருக்குற கண்ணாடி ஜன்னலைத் திறந்தா காத்து ஓடணும்.

1924-ல டெட்ராய்ட்ல ஹட்சன்ங்கிற பெரிய கடையோட பேஸ்மென்ட்ல கேரியர் கம்பெனியோட ஏசி மெஷின் வச்சு குளுகுளுன்னு ஆக்கினாங்க, மலிவு விலை சாமான் விக்கிற இடம், கூட்டம் எப்பவும் நெரியும். அப்புறம் இந்த மாதிரி சில்லறைக் கடைகளுக்கும் ஏசி வந்துச்சு. குளிர்காத்து போற டக்ட் குழாய் ஓடணும்னு சீலிங்க இறக்கினாங்க, மேல் ஜன்னலெல்லாம் மூடியாச்சு.

கிரெஸ்னு இதே மாதிரி 5, 10 சென்ட் கடைகள் நடத்தின கம்பெனி. அந்தக் கடைகளுக்குன்னே எட்வர்ட் சிபர்ட்னு ஒரு ஆர்க்கிடெக்ட், 1929-லேர்ந்து 50 கடைக்கு மேல வரைஞ்சவர். பத்து சென்ட் சாமான் வாங்க வர்றவங்களுக்கு முகப்புல டெரகோட்டாங்கிற சுட்ட மண்ணுல அவ்ளோ வேலைப்பாடு! எனக்கு அது ரொம்பப் பெரிய மரியாதையா தெரியுது.

வெளிய வந்து பாத்தேன், கதவுக்கு மேல கண்ணாடி இன்னும் இருக்கு. பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க.