குரல் தெரிந்தவர்

"என் குரல் உங்களுக்குத் தெரியாதுதானே சேர், நீங்க என்ன செய்வீங்க" என்று அந்தப் பிள்ளை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. என் பக்கத்து நியாயத்தை எனக்காக அவளே எடுத்துச் சொன்னது போல இருந்தது.

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, நான் வேலை செய்யும் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவுக்குப் போனில் பேசினாள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, பரீட்சைப் பதிவு மறுநாள் மாலையோடு முடிகிறது. பழையதைப் பார்த்துச் சொல்ல எங்களாலும் முடியாது. சிஸ்டத்தில் கிடப்பது பாஸ்வேர்டைக் கணக்கிட்டு எடுத்த ஒரு வரிதான், அதிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. புதிதாகத்தான் மாற்ற வேண்டும். அதற்கு மாணவர் அட்டையோடு நேரில் வர வேண்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னாள். நான் ஏற்கவில்லை. 12 இலக்கங்களில் முதல் 4 பிறந்த ஆண்டு. அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் 500 கூட்டியிருக்கும். பிறந்த நாள் தெரிந்த யாருக்கும் பாதிக்கு மேல் தெரியும். மீதியும் எத்தனை போட்டோகொப்பிக் கடைகளில் கிடக்கிறதோ. இப்படி யாரோ பேசி, நாங்கள் நம்பி மாற்றிக் கொடுத்து, ஒரு மாணவியின் மின்னஞ்சல் முழுவதும் இன்னொருவன் கைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். மறுத்தது சரி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் மதியம் வந்துவிட்டாள், ஹட்டனில் பஸ் மாறி, நனைந்த குடையோடு. அம்மாவும் கூட வந்திருந்தார். கொழுந்துக்குப் போகவில்லை, அன்றைய பேரும், அதாவது அந்த நாள் சம்பளமும் இல்லை. என் வேலை 2 நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் இரண்டு வாரம் கழித்து மூத்த விரிவுரையாளர் ஒருவர் வெளியூரிலிருந்து அழைத்தார். "தம்பி, கொஞ்சம் மாத்தி விடுங்களேன்." மாற்றிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் குரல் எனக்குத் தெரியும், அது உண்மை. ஆனால் அவருடைய கணக்குக்குள் போனால் ஒரு வகுப்பின் புள்ளிகள் முழுவதையும் தொடலாம். அவளுடையதில் அவள் பாடங்கள் மட்டும்தான்.

பதிவில் இருந்த அவள் வீட்டு இலக்கத்துக்கு நான் திருப்பி அழைத்துப் பார்த்திருக்கலாம். விதியில் அப்படி ஒரு வழி இல்லை, வீட்டில் எல்லோரும் எடுக்கும் போனை எப்படி நம்புவது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு மாற்றியபோது இதில் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அவள் அன்று எந்த இலக்கத்திலிருந்து பேசினாள் என்று பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். பதிவில் இருந்த அதே இலக்கம்தான்.