காசிமேட்டிலிருந்து திரும்புகிற வழியில் ஒரு சந்தை

திருவொற்றியூரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போடுகிறோம் என்றதும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இங்க எதுக்குப்பா சந்தை?" நியாயம்தான், தெருவுக்கு நாலு பேர் கூடை வைத்து உட்கார்ந்திருக்கிற ஊர் இது. ஆனால் எங்களுக்கு ஒரு எரிச்சல் இருந்தது. பழவேற்காட்டில் பெண்கள் முடைகிற பனையோலைக் கூடை, கொசப்பேட்டை மண் பொம்மை, மீஞ்சூர்ப் பக்கத்துக் கீரை எல்லாம் தெற்கே போய், கண்காட்சி, இயற்கை அங்காடி என்று பலகை மாட்டிய இடங்களில் விலை ஏறி நிற்கின்றன. ஏறின காசு செய்தவர் கைக்குப் பெரிசாக வருவதில்லை, பக்கத்தில் இருக்கிற நமக்கோ அந்தக் கூடை கண்ணிலேயே படுவதில்லை.

நேரத்தை நாங்கள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் முடிவு பண்ணிவிட்டது. வடசென்னையில் பாதிப் பேருக்கு ஞாயிறு விடிவதே அங்கேதான். இருட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய், பேரம் பேசி, அங்கேயே மீனை வெட்டி வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத் திரும்புகிறவர்களுக்கு வழியில் ஒரு மாங்காய், கறிவேப்பிலை, புளி, ஒரு கட்டு கீரை வேண்டும். அதனால் ஆறிலிருந்து ஒன்பதரை. அதற்குமேல் கடை விரித்தால் ஈதான் வரும், குழம்பு அடுப்பில் ஏறியிருக்கும். இடம், ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துகிற மைதானம். முகூர்த்த ஞாயிறுகளில் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் நாங்கள்தான் ராஜா.

விதியை உழவர் சந்தையிலிருந்து எடுத்தோம். 1999-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோதே அடிப்படை அதுதான்: விளைவித்தவரே விற்க வேண்டும், அதற்கு அடையாள அட்டை. எங்களிடம் அட்டை எல்லாம் இல்லை. யாராவது ஒருவர் போய்த் தோட்டத்தையோ வீட்டையோ பார்த்துவிட்டு வருவோம், அவ்வளவுதான்.

இந்த விதி பிளாட்பார அக்காக்கள் காதுக்குப் போனதும் பிரச்சினை ஆரம்பித்தது. கோயம்பேட்டில் விடியற்காலை மூட்டை எடுத்து, ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து விற்கிறவர்கள் அவர்கள். பலர் தண்டல் வாங்கித்தான் மூட்டையே எடுக்கிறார்கள், அன்றன்றைக்குக் கட்ட வேண்டிய கடன். ஒரு அக்கா நேராக வந்து கேட்டார்: "நீங்க படிச்ச புள்ளைங்க கூடி நிழல்ல கடை போடுவீங்க, நாங்க வாங்கி விக்கிறவங்கன்னு வெளிய நிக்கணும். ஞாயித்துக்கெழம யாவாரம் போச்சுன்னா தண்டலுக்கு நீ வந்து பதில் சொல்றியா?"

பதில் இல்லை. உள்ளூருக்கு நல்லது செய்கிறோம் என்று கிளம்புகிற நிறைய பேர் ஏற்கெனவே அங்கே பிழைக்கிறவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவர்கள் வெளியாட்களா என்ன? முப்பது வருஷமாக அதே மூலையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைவிட உள்ளூர் யார்? நாலைந்து சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே பேசி ஒரு வழிக்கு வந்தோம். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் எதுவும் சந்தைக்குள் கிடையாது, விளைவித்தவரே கொண்டு வந்தாலும் கிடையாது. வாசலில் இரண்டு பக்கமும் அக்காக்கள் இடம். மீன் குழம்புக்குத் தக்காளி வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை, ஆக உள்ளே வருகிற கூட்டம் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இயற்கை விவசாய நண்பர் ஒருவருக்கு இதில் கோபம். இருக்கட்டும்.

கீரை கொண்டு வருகிற அம்மா கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வருகிறார். ஈரச் சாக்கில் சுற்றிய கட்டுகள், வேரில் மண் அப்படியே இருக்கும், கட்டியிருப்பது வாழைநார். அரைக்கீரை, சிறுகீரை, சில வாரம் பொன்னாங்கண்ணி. விலை எழுதிய அட்டை வைக்கச் சொன்னோம். "எயுதி வச்சா அப்பால எப்பிடி கண்ணு கொறைக்கிறது?" என்று சிரித்தார், வைக்கவில்லை. அவருக்குக் கவலை மிஞ்சுகிற கட்டுதான், வாடின கீரையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. இப்போது ஒன்பதரைக்கு மிஞ்சுவதைப் பக்கத்து மெஸ் ஒரு மொத்த விலைக்கு எடுத்துக்கொள்கிறது. இந்தச் சின்ன ஏற்பாடு இல்லையென்றால் அவர் இரண்டாவது வாரமே நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

மகளிர் குழுவின் மீன் குழம்புத் தூள் நன்றாகப் போகிறது. அதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தார்கள், சின்ன வியாபாரத்துக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். பயந்துகொண்டு எடுக்காமல் இருக்கிறவர்கள்தான் அதிகம். ஓலைக் கூடை மட்டும் மெதுவாகத்தான் நகர்கிறது. கையில் எடுத்துப் பார்த்து, பிளாஸ்டிக் கூடை விலையோடு ஒப்பிட்டு, வைத்துவிட்டுப் போகிறார்கள். மூடி போட்ட சின்னப் பெட்டி முடைந்து பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

அடுத்து ஏப்ரல் 15 வருகிறது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு எதுவும் போகாது, ஃபைபர் படகுகள் கொண்டு வருவதுதான் மீன். காசிமேட்டில் கூட்டம் குறைந்தால் எங்களுக்கும் குறையும். அதனால் அந்த இரண்டு மாதமும் கருவாட்டுக்கு ஒரு வரிசை ஒதுக்குகிறோம், கீரைக்கடையிலிருந்து தள்ளி, காற்று அடிக்கிற பக்கமாகப் பார்த்து. சொந்தமாகக் காய வைத்து விற்கிறவர்கள் யாராவது இருந்தால் ஞாயிறு காலை நேரில் வாருங்கள். எடுபிடிக்கும் துப்புரவுக்கும் சேர்த்து ஒரு கடைக்கு இருபது ரூபாய். தராசில் காலாவதியாகாத அரசு முத்திரை இருக்க வேண்டும். தக்காளி மட்டும் கொண்டு வராதீர்கள்.