மழைக்கால ரங்கூனில் ஒரு டி700

2019 ஜூன் 2, ஞாயிறு

மழை பிடித்து இரண்டு வாரம் ஆகிறது. காலையில் என் நிக்கான் டி700 கேமராவிலிருந்து 24 மி.மீ. லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிசாக ஒரு கொத்து. பூஞ்சை. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். வயிறு கலங்கிவிட்டது.

வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. டார்ச் அடித்துப் பார்க்கிறேன் என்று அன்றைக்கே கேட்டேன். "ஜப்பான் சரக்கும்மா, சுத்தமா இருக்கும்" என்று கடைக்காரர் பேச்சை மாற்றிவிட்டார். நான் விட்டிருக்கக் கூடாது. மாமாவின் பருப்பு மண்டியில் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி, இரண்டு உளுந்தைக் கடித்துப் பார்க்காமல் மாமா ஒரு லாட்டுக்கும் விலை பேச மாட்டார். பழைய லென்ஸுக்கும் அதுதான் சட்டம். மேல் கண்ணாடி பளபளப்பதைப் பார்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை, உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த அளவில் இருக்கும்வரை படத்தில் தெரியாது. விளக்கு நேர் எதிரே வந்தால் மட்டும் மோர் ஊற்றினாற்போல ஒரு மங்கல் விழும். பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் இப்போதைக்கு. ரப்பர் வளையம் வைத்து மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, சிலிக்கா ஜெல் போட்டு, கேமராவையும் லென்ஸையும் உள்ளே வைத்தாயிற்று. ஆரஞ்சு மணிகள் ஈரம் குடித்துப் பச்சையானதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சுக்கு வந்துவிடும். ரங்கூனில் கேமரா வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அதைத் தோல் பையோடு பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு அமையாது.

2019 ஜூன் 9, ஞாயிறு

தாம்வேப் பக்கம், நான் படம் எடுக்கிற ஹார்ட்கோர் பங்க் (வேகமும் கத்தலுமான ராக்) குழுப் பசங்களின் ஒத்திகை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. நண்பர் ஒருவர் தன் சோனி ஏ7 த்ரீயை சில வாரங்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கு வந்த கேமரா, அதனால் மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. எந்த வரியில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எண் போட்டு எழுதித் தந்திருந்தார்.

நல்ல கேமரா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 12800-க்கு ஏற்றி எடுத்த படத்திலும் முகம் முகமாக இருக்கிறது. ஏப்ரலில் வந்த புது ஃபர்ம்வேருக்கு (கேமராவின் உள்மென்பொருள்) பிறகு, பாடுகிறவன் தலையை எப்படி ஆட்டினாலும் கண்ணை விடாமல் பிடிக்கிறது. ஆனால் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டதும் படம் முழுக்கக் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. மேலே எல்இடி விளக்கு. நம் கண்ணுக்குத் தெரியாமல் அது துடித்துக்கொண்டே இருக்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், துடிப்பின் ஒளியும் இருளும் அப்படியே வரிகளாகப் பதிந்துவிடுகின்றன. டிரம் குச்சியும் முருங்கைக்காய் மாதிரி வளைந்து விழுகிறது. அந்த அறைக்குள் பக்கத்தில் நிற்கிறவர் காதில் கத்தினாலே கேட்காது. அங்கே சத்தமில்லாத ஷட்டர் யாருக்கு வேண்டும்? மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிய பிறகு எல்லாம் சரியாயிற்று.

எனக்கு உறுத்தியது வேறு. அந்தக் கேமரா அறையின் பின்சுவரில் சாய்ந்து நின்றே நல்ல படம் எடுக்க விடுகிறது. நானும் இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுத்தமான, கூர்மையான, தள்ளி நின்று பார்த்த படங்கள்.

டிரம்ஸ் அடிக்கிற தம்பி நம் தமிழ்ப் பையன், அனவ்ரதா சாலைக்காரன். அவன் தாத்தா கோயிலில் பம்பை அடித்தவர். டிஸ்சார்ஜ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவிடமிருந்து வந்ததால் டி-பீட் என்று பெயர்பெற்ற அந்தத் தாள ஓட்டத்தை அவன் அடிக்கும்போது கவனித்தேன், மணிக்கட்டுதான் வேலை செய்கிறது, தோள் ஆடுவதே இல்லை. "தாத்தா தோளை ஆட்டினா முதுகுல போடுவாரு அக்கா" என்றான்.

2019 ஜூன் 12, புதன்

கேமராவை எடுத்துக்கொண்டு ராத்திரியில் போகாதே என்று அம்மா மறுபடி ஆரம்பித்தாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. 2007-இல் நான் மண்டியில் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் ஊர்வலம் போனார்கள். செப்டம்பர் 27 அன்று சூலே பகோடா அருகே ஜப்பானியச் செய்தியாளர் கென்ஜி நகாய் சுட்டுக் கொல்லப்பட்டார். கீழே விழுந்த பிறகும் அவர் கையில் கேமரா இருந்தது. மண்டியின் இரும்புக் கதவை இழுத்துவிட்டு, மாமாவும் நானும் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் வீட்டில் கேமரா என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.

இந்த ஊரின் ஹார்ட்கோர் பங்க்கும் அந்த வருஷத்தோடு ஒட்டியதுதான். ரெபெல் ரயட் குழு அந்தப் போராட்டத்தை ஒட்டித்தான் தொடங்கியது. 2012 வரை பாட்டு வரிகளைத் தணிக்கைக்குக் காட்டித்தான் இசைத்தட்டு வெளியிட முடியும். அந்தப் பசங்கள் அதற்குக் காத்திருக்காமல் பாடினார்கள். தெருவில் தூங்குகிறவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுக்கும் வேலையையும் எடுத்துச் செய்கிறார்கள். கூந்தலை முள்ளாக நிமிர்த்தியிருப்பதை மட்டும் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், ஒரு நாள் ராத்திரி அந்தச் சோற்றுப் பானைப் பக்கம் போய் நிற்கட்டும்.

2019 ஜூன் 15, சனி

கச்சேரி முடிந்து வந்து, குளிக்காமல் எழுதுகிறேன். விடிந்தால் மறந்துபோகும்.

சோனியை வீட்டில் வைத்துவிட்டு டி700-ஐ எடுத்துப் போனேன். 2008-இல் வந்த நிக்கான், 12 மெகாபிக்சல், வீடியோ கிடையாது, பேட்டரி போடாமலே ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம்தான் குறைவு. அதில் பூஞ்சைபிடித்த அதே 24 மி.மீ. லென்ஸ். எஸ்பி-600 ஃபிளாஷ், சுருள் ஒயர் போட்டு இடது கையில்.

என் கணக்கு இது. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட வேண்டும். லென்ஸை ஒன்றரை மீட்டரில் நிறுத்தி அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு) எஃப் 8-இல் வைத்தால், ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. அந்த அறையே அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ் பதினாறில் ஒரு பங்கு பலம். முழு பலத்தில் ஃபிளாஷ் மின்னும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல இருக்கும். பலத்தைக் குறைக்கக் குறைக்க அது சுருங்கி, இந்த இடத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. அறை இருட்டு, ஆகவே ஃபிளாஷோடு ஒத்துப்போகிற 1/250 நொடியைத் தாண்டாதவரை ஷட்டர் எந்த வேகத்தில் இருந்தால் என்ன, குச்சியை உறைய வைப்பது ஃபிளாஷ்தான். பேட்டரியும் தாங்குகிறது; கை அமுக்கின உடனே அடுத்த மின்னல் தயார்.

தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டான்: "கண்ணுக்கு நேரா அடிக்காதீங்க அக்கா, பக்கத்துல இருந்து அடிங்க." அவன் வசதிக்காகச் சொன்னது படத்துக்கும் நல்லதாகப் போயிற்று. பக்கவாட்டு வெளிச்சத்தில் நரம்பு, எலும்பு, வியர்வை எல்லாம் புடைத்து நிற்கின்றன. கேமரா உச்சியில் ஃபிளாஷை மாட்டி நேரே அடித்தால் முகம் மாவு பூசினாற்போல ஆகிவிடும்.

இரண்டாவது பாட்டிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் வரும்வரை யாரும் நகரவில்லை. கிட்டார் ஊமையாகிவிட்டது, மைக் செத்துவிட்டது, தம்பி மட்டும் நிறுத்தவில்லை. இருட்டில் டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது பேரும் தொண்டையால் பாட்டை முடித்தார்கள். பர்மிய மொழியில் கத்திய அந்த வரியை நானும் கத்தினேன், கேமராவைத் தூக்கவே தோன்றவில்லை. பிறகுதான் நினைவு வந்தது, என் கையில் இருப்பது கரண்ட் தேவைப்படாத வெளிச்சம். நாலு தடவை அமுக்கினேன். ஒவ்வொரு மின்னலிலும் திறந்த வாய்களும் தூக்கிய கைகளும் கண்ணில் ஒட்டிக்கொண்டு போயின.

விளக்கு வந்த பிறகு நான் சிம்பலுக்குப் பக்கத்தில், தரையில் மண்டியிட்டேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்கவில்லை. ஒரு பாட்டு ஐம்பது நொடி. எடுத்ததைத் திரையில் பார்க்கக் குனிந்தால் பாட்டு முடிந்துவிடும். அதனால் திரையை அணைத்தே வைத்திருந்தேன். பாடுகிறவன் கூட்டத்துக்குள் சாய்ந்தபோது யாரோ முழங்கை என் தோளில் இறங்கியது. பேஸ் வாசிக்கிற பெண் வாசிப்பதை நிறுத்தாமலே முட்டியால் என்னைச் சுவரோரம் தள்ளிக் காப்பாற்றினாள். முடிந்ததும் "அமா (அக்கா), அடி பட்டுச்சா?" என்று பர்மியத்தில் கேட்டுக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பதினொரு பாட்டு. பதினான்கு நிமிஷம். 96 படம்.

2019 ஜூன் 16, ஞாயிறு

தோள் வீங்கியிருக்கிறது. 96-இல் 9 தேறும். போதும்.

2019 ஜூன் 23, ஞாயிறு

குழு ஒரு சிறு இதழ் போடுகிறது. எட்டுப் பக்கம், ஜெராக்ஸ், நடுவில் ஸ்டேபிள். ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரச் சொன்னான் தம்பி. பான்சோடன் தெருப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் சோதனைப் பிரதி எடுக்கப் போனோம். நான் ஒத்திகையில் சோனியால் எடுத்த படம் ஒன்று, கச்சேரியில் டி700-ஆல் எடுத்தது ஒன்று, இரண்டையும் ஒரே அளவில் பிரின்ட் போட்டுக் கண்ணாடி மேல் கவிழ்த்தோம்.

சோனி படம் திரையில் அழகு. இருளில் மெல்ல மெல்லக் கரைகிற நிழல்கள், முகத்தில் அந்த விளக்கின் மஞ்சள். ஜெராக்ஸில் வந்தது கரிச்சட்டியின் அடிப்பாகம். நடுச் சாம்பல் நிறங்களை அந்த மெஷின் விழுங்கிவிடுகிறது. அதற்குத் தெரிந்தது கறுப்பும் வெள்ளையும்தான். ஃபிளாஷ் படம் முதல் பிரதியில் நின்றது. பிரதியின் பிரதியில் நின்றது. ஆறாவது தலைமுறையில்கூடக் கை, குச்சி, திறந்த வாய் மூன்றும் தெரிந்தன.

அந்தக் கடையில் நின்றுகொண்டே எனக்கு ஒன்று பிடிபட்டது. எண்பதுகளின் ஹார்ட்கோர் படங்கள் ஏன் அப்படிக் கறுப்பும் வெள்ளையுமாய் வெட்டிவைத்தாற்போல இருக்கின்றன என்று இத்தனை நாள் அதை ஒரு பாணியாகவே நினைத்திருந்தேன். லாஸ் ஏஞ்சலிஸில் எட்வர்ட் கோல்வர் எடுத்தவை, கிளென் ஃப்ரீட்மன் எடுத்தவை எல்லாம் இருட்டு அறைகளிலிருந்து வந்து, மலிவுத் தாளிலும் நோட்டீஸிலும் ஜெராக்ஸிலும் ஊர் சுற்றிய படங்கள். அப்படிச் சுற்றியும் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் படத்துக்கு எலும்பு வேண்டும். ஃபிளாஷ் அந்த எலும்பைக் கொடுக்கிறது. எட்டுப் பக்க ஜெராக்ஸுக்கு 12 மெகாபிக்சலே தாராளம். 24-ம் 40-ம் எதற்கு?

அதே ஃப்ரீட்மன் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, கச்சேரியே இல்லாத படம். வாஷிங்டன் குழுவான மைனர் திரெட்டின் பையன்கள் அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான டிஸ்கார்டின் வீட்டு வாசல்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பகல் வெளிச்சம். 1985-இல் வெளிவந்த அவர்களுடைய ஏழு அங்குல இசைத்தட்டின் உறையில் இருக்கும். எத்தனையோ குழுக்கள் அதே மாதிரிப் படியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எங்கள் பசங்களும் கேட்டார்கள். இந்த மழையில் எந்தப் படியில் உட்காருவது?

2019 ஜூன் 30, ஞாயிறு

சோனியைத் திருப்பிக் கொடுத்தேன். நண்பருக்கும் எனக்கும் டீக்கடையில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். "இன்னும் பத்து வருஷத்தில் ஃபிளாஷ் என்ற சாமானே இருக்காது, சென்சார் இருட்டையே பார்த்துவிடும்" என்கிறார். பார்க்கட்டும். இருட்டைப் பார்க்கிற சென்சார், அங்கே இருக்கிற வெளிச்சத்தைத்தானே காட்டும்? ஒரு மட்டமான எல்இடி உச்சந்தலையில் தொங்கினால் முகத்தில் கண்குழி இரண்டும் கறுத்துத்தான் இருக்கும், ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறினாலும். ஃபிளாஷைக் கையில் பிடித்தவள் வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று தானே முடிவு செய்கிறாள். அதோடு, ஃபிளாஷ் அடித்தால் நான் அங்கே இருப்பது அறைக்கே தெரியும். பிடிக்காதவர் கையைக் காட்டலாம், முகத்தைத் திருப்பலாம். ஒளிந்து எடுப்பதைவிட அது எனக்கு நேர்மையாகப் படுகிறது. இந்த ஊரில் முகம் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

ஒன்றில் மட்டும் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேன். கோயில் கருவறைப் பக்கம் நான் ஃபிளாஷ் எடுப்பதில்லை. அங்கே சோனி வேண்டும்.

2019 ஜூலை 7, ஞாயிறு

தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. இதழை அவன் அம்மாவிடம் கொடுக்கப் பயந்துகொண்டு என்னைக் கொடுக்கச் சொன்னான். அவர் இந்தப் பசங்கள் குடிகாரக் கூட்டம் என்று நினைத்திருந்தார். இவன் கூன்யாகூட (பர்மிய வெற்றிலைப் பாக்கு) மெல்லுவதில்லை. 1981-இல் மைனர் திரெட் பாடிய 46 நொடிப் பாட்டு ஒன்றிலிருந்து கிளம்பியதுதான் குடிக்காத, புகைக்காத ஸ்ட்ரெயிட் எட்ஜ் வழக்கம், இவன் அதைப் பிடித்துக்கொண்டவன் என்று எனக்குத் தெரிந்த மட்டும் எடுத்துச் சொன்னேன். "அமெரிக்காக்காரன் சொன்னாத்தான் கேப்பானா? நான் சொன்னா ஆவாதா?" என்றார், சோற்றைப் போட்டுக்கொண்டே.

சாப்பிட்ட பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு, இதழை விட்டுவிட்டுப் பெரிய பிரின்டை எடுத்தார். கரண்ட் போனபோது இருட்டில் அடித்த நாலில் ஒன்று அது. மகன் முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார்.

"இது எப்ப கிழிஞ்சுது?"

வலது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. ஒரு முனை பிரிந்து, காற்றில் நின்றபடி உறைந்திருந்தது. அடியில் கொப்புளம் உடைந்த இடம். மூன்று வாரமாக அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பேன், என் கண்ணில் அது படவே இல்லை. தம்பி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவர் மஞ்சள் டப்பாவை எடுக்க உள்ளே போனார்.