ஆர்வி பயணத்தில் இணையமும் மாலைப் பொழுதும்

ஆர்வியில், அதாவது படுக்கை, சமையலறையோடு வீடு போலவே இருக்கும் பயண வண்டியில், கிளம்புகிறோம் என்றதும் எல்லாரும் தண்ணீரைப் பற்றியும் கழிவறையைப் பற்றியும்தான் கேட்டார்கள். எனக்கு இருந்த கவலை வேறு. வார நாட்களில் நான் வண்டிக்குள் உட்கார்ந்தே வேலை பார்க்க வேண்டும், வீடியோ அழைப்புகளில் பேச வேண்டும். ஊரை ஒட்டிய கேம்ப்கிரவுண்ட் (இத்தகைய வண்டிகள் தங்கும் மைதானம்), மரங்கள் அடர்ந்த ஆற்றங்கரை, மரமே இல்லாத மேட்டுநிலம் என்று மாறி மாறித் தங்கினோம். இணையம் கிடைக்கும் வழியும் இடத்துக்கு இடம் மாறியது.

கேம்ப்கிரவுண்டில் இலவச வைஃபை இருந்தது, காலையில் நன்றாகவே ஓடியது. இருட்டியதும் ஒவ்வொரு வண்டியிலும் ஆளுக்கொரு படம் பார்க்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு மின்னஞ்சல்கூடத் திறக்கவில்லை. ஒரே குழாயில் தெரு முழுக்கத் தண்ணீர் பிடிப்பது போலத்தான் அது. கையில் ஒரு பயண ரூட்டர் வைத்திருந்தோம். அது கேம்ப்கிரவுண்ட் வைஃபையைப் பிடித்து, எங்களுக்கென்று தனியாக ஒரு வைஃபை தரும். ஒருமுறை உள்நுழைந்தால் போதும், எல்லாக் கருவிகளும் அதன் வழியே போகும், அந்நியர்களின் கண்ணிலும் படாது. ஆனால் மூல இணைப்பே திணறும்போது எந்த ரூட்டராலும் அதைப் பெரிதாக்க முடியாது. அங்கே என் வேலையை எல்லாம் விடிகாலைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் மொபைல் சிக்னலைத்தான் நம்ப வேண்டியிருந்தது, அங்கேதான் நிறையக் கற்றுக்கொண்டேன். போனில் மூன்று கோடு காட்டும், பக்கம் மட்டும் திறக்காது. அந்தக் கோடுகள் பெரும்பாலும் சிக்னலின் பலத்தைத்தான் சொல்கின்றன, தரத்தைச் சொல்வதில்லை. சிம் போடும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது பலம்: மைனஸ் 80 என்றால் நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டிக் கீழே போனால் கஷ்டம். சின்ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிட்ட தரம்: 20க்கு மேல் அருமை, பூஜ்யத்தை ஒட்டினால் வீடியோ அழைப்பை மறந்துவிடலாம். என்னைக் கேட்டால் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியே ஒரு தடை என்பதும் அங்கேதான் புரிந்தது. அலுமினியச் சுவர், அதற்குள் பளபளக்கும் வெப்பத்தடுப்புத் தாள், உலோகப் பூச்சுள்ள கண்ணாடி எல்லாமே அலையைத் தடுக்கின்றன. அந்த ரூட்டரோடு ஒரு வெளி ஆன்டெனாவை இணைத்துக் கம்பத்தில் ஏற்றினார் என் கணவர். டவர் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து, கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தார். நான் உள்ளே இருந்து எண்ணைப் படித்துச் சொன்னேன். “நிறுத்துங்க, இதுதான்!” என்று கத்திய இடத்தில் கம்பத்தை இறுக்கினோம். அன்று மதியம் நடந்த அழைப்பு ஒரு முறைகூட அறுபடவில்லை. ஆன்டெனா கேபிளை மட்டும் முடிந்தவரை சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூடக்கூட சிக்னல் வழியிலேயே கரைந்துவிடும்.

மொபைல் சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டர் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பூஸ்டர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். அதோடு, இன்றைய ரூட்டர்கள் ஒரே நேரத்தில் பல ஆன்டெனாக்களில் தரவு வாங்கித்தான் வேகம் எடுக்கின்றன. சாதாரண பூஸ்டர் அவற்றுக்கு ஒரே பாதையைத்தான் தருகிறது. அதனால் முதலில் ஆன்டெனா. மிக மெலிந்த சிக்னலில் பேசினால் போதும் என்ற நிலை வரும்போது பூஸ்டரைப் பற்றி யோசிக்கலாம்.

மேட்டுநிலத்தில் டவரே இல்லை. அங்கே ஸ்டார்லிங்க் கைகொடுத்தது. வானத்தைப் பார்த்து வைக்கும் ஒரு தட்டு ஆன்டெனா மூலம் செயற்கைக்கோளிலிருந்து இணையம் தரும் சேவை அது. பழைய வகைச் செயற்கைக்கோள் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்ப வேண்டும். நாம் பேசி, பதில் வருவதற்குள் அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்த இழுவை தெரியவில்லை. ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஆற்றங்கரை மரங்களுக்கு அடியில் இதே தட்டு அடிக்கடி அறுந்து அறுந்து வந்தது. வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அதன் செயலியைத் திறந்து, போன் கேமராவால் வானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டால் தடை எங்கே என்று காட்டிவிடும்.

அடுத்து மின்சாரம். 75 வாட் இழுக்கும் தட்டை எட்டு மணி நேரம் ஓட்டினால் 600 வாட்-மணி. 12 வோல்ட் (சரியாகச் சொன்னால் 12.8), 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் மொத்தமே ஏறத்தாழ 1,280 வாட்-மணிதான். பாதி போய்விடும், இன்வெர்ட்டர் தின்பது தனி. சின்ன ‘மினி’ தட்டு 25 முதல் 40 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும், பேட்டரியிலிருந்தே நேராக ஓடும். மின்இணைப்பு இல்லாத இடங்களில் தங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

சரி, மாலை நேரம்? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வேலைக்குத்தான் நேரடி இணையம், பொழுதுபோக்கை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஹெச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை தின்னும், 4கே என்றால் 7 ஜிபி வரை. ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் ஹாட்ஸ்பாட் திட்டங்கள்கூட ஓர் அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைத்துவிடுவது உண்டு. மறுநாள் வேலைக்கு வேண்டிய டேட்டாவை ராத்திரிப் படத்தில் கரைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, ஒரு ஹார்ட் டிஸ்க், சேர்த்து வைத்த படங்களை மற்றக் கருவிகளில் ஓட்டித் தரும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள். நாங்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்களும் பாட்டுகளும் பயணத்தில் எடுத்த வீடியோக்களும் அதில்தான். ரூட்டரின் வைஃபை மட்டும் இருந்தால் போதும், வெளி இணையம் தேவையே இல்லை. ஓடிடி செயலிகளில் இறக்கி வைத்ததை மட்டும் நம்பிப் போகாதீர்கள். காலாவதி உண்டு, சில படங்களைத் திறந்த 48 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். காட்டுக்குள் அதைப் புதுப்பிக்கவும் வழியிருக்காது. கூரை ஆன்டெனாவில் இலவச டிவியும் பார்க்கலாம், ஒவ்வொரு இடத்திலும் சேனல்களை மறுபடி தேட விட்டால் போதும்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு அதிகம் உதவியது கிவிக்ஸ் என்ற செயலி. விக்கிப்பீடியாவை முழுசாக இறக்கிவைத்து, இணையம் இல்லாமலே படிக்கலாம். படங்களோடு கூடிய ஆங்கிலப் பதிப்பு சுமார் 100 ஜிபி, தமிழ்ப் பதிப்பு அதைவிட மிகச் சிறியது. மேட்டுநிலத்தில் இரவு வானத்தைப் பார்த்து, “அம்மா, அந்தச் சிவப்பு நட்சத்திரம் ஏன் சிவப்பா இருக்கு?” என்று மகள் கேட்டாள். பேட்டரியைச் சேமிக்கத் தட்டை அப்போதே அணைத்திருந்தோம். கிவிக்ஸில் தேடி அவளே படித்தாள்: வெப்பம் குறைந்த நட்சத்திரம் சிவப்பாகவும், வெப்பம் கூடியது நீலமாகவும் தெரியும் என்று. அப்புறம் நீல நட்சத்திரம் எது என்று தேட ஆரம்பித்துவிட்டாள். அடுத்த பயணத்துக்கு நட்சத்திர வரைபடச் செயலி ஒன்றையும் முன்கூட்டியே இறக்கிவைக்கச் சொல்லியிருக்கிறாள்.